மூஞ்சி சுளிக்காத பையன்

"யாருன்னு மட்டும் சொல்லுங்க சாமி. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

ஓடைக்கரைக் குடிலின் வாசலில் கொம்பையா நின்றான். இடுப்பில் அரிவாள்.

சாமியார் அதைப் பார்த்தார். உட்காரச் சொன்னார்.

"பையன் எப்படி இருக்கான்?"

"ஆஸ்பத்திரியிலதான் கிடக்கான். குடிச்சிட்டு வாய்க்காக்கரையில விழுந்து கிடந்திருக்கான். எடுத்த வாந்தி நெஞ்சுக்குள்ள போயிட்டாம். மூச்சுக்குக் குழாய் போட்டிருக்காங்க. பதினஞ்சு வயசு சாமி. எனக்கு ஒத்த மகன். அவனுக்குச் சாராயம் கொடுத்தவன் எவன்னு தெரியணும்."

"யார் மேல சந்தேகம்?"

"யார் மேல இல்லைன்னு கேளுங்க."

கொம்பையா வரிசையாகச் சொன்னான். லாரிக்காரச் செல்லப்பா; அவன் சிரிப்பே சரியில்லை. மச்சினன் தர்மர், ஊருக்கு வந்தால் பையனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போகிறான். டியூஷன் வாத்தியார், எந்நேரமும் ஏலக்காய் மெல்லுகிறார். எந்த வாடையை மறைக்க?

சொல்லும்போதே அவன் கண் குடிலின் மூலைக்குப் போனது. அங்கே ஒரு கறுப்புப் பாட்டில் இருந்தது.

"அது நிலவேம்புக் கசாயம்" என்றார் சாமியார்.

கொம்பையா தலையைக் குனிந்துகொண்டான். ஆனாலும் ஓரக்கண்ணால் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டான்.

"அன்னைக்குப் பையன்கூட இருந்தது யாரு?"

"பக்கத்து வீட்டு மாடசாமி. இவன் சோட்டுப் பயதான், அவனுக்கும் பதினஞ்சுதான். சட்டையைப் பிடிச்சுக் கேட்டேன். 'நான்தான் மாமா கொடுத்தேன். ஒரு வாய் வச்சுப் பாருன்னுதான் சொன்னேன். அவன் பாதிப் பாட்டிலை ஒரே மடக்குல இறக்கிட்டான். மூஞ்சியைக்கூடச் சுளிக்கலை'ங்கான். பொய் சாமி. இந்தப் பயலுக்குப் பின்னால பெரிய ஆள் எவனோ இருக்கான்."

சாமியார் எழுந்துபோய்க் கசாயத்தை டம்ளரில் ஊற்றி வந்தார்.

"குடி."

"எனக்கு எதுக்கு?" கொம்பையா மோந்து பார்த்தான்.

"குடிடா."

ஒரு வாய்தான். கண்ணை இறுக மூடினான். உதடு கோணியது. தோள் குலுங்கியது.

"உனக்கு என்ன வயசு?"

"நாப்பத்தாறு."

"ஒரு வாய்க் கசப்புக்கு இந்தப் பாடு படுதே."

கொம்பையா டம்ளரைக் கீழே வைத்தான்.

"அப்போ... பையனுக்கு இது முதல் தடவை இல்லை."

"முதல் தடவை சுளிச்சிருப்பான்லா?"

"சுளிச்சிருப்பான்."

"இப்ப ஏன் சுளிக்கலை?"

"சுளிக்கக் கூடாதுன்னு எவனோ பழக்கியிருக்கான்." கை அரிவாளுக்குப் போனது. "அவன்தான் சாமி. அவனேதான்."

"போய்த் தேடு."

கொம்பையா ஓடையில் இறங்கினான். செல்லப்பாவா? தர்மரா? வாத்தியாரா? பையன் முதல் முதலாக மூஞ்சி சுளித்ததைப் பார்த்தவன் யார்?

பாதி ஓடையில் நின்றுவிட்டான்.

குலசாமி கோயில் கொடை விழா. பையனுக்கு அப்போது ஒன்பது வயசு. படையலில் வைத்த சாராயத்தைப் பிரசாதமென்று ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். பையனுக்கும் பாட்டில் மூடியால் ஒரு மூடி. அவன் முகம் அஷ்டகோணலானது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஊற்றிக் கொடுத்தவனும் சிரித்தான்.

"ஏலே, ஆம்பளப் புள்ளை மூஞ்சியைச் சுளிக்கலாமா? இந்தா, இன்னொரு மூடி. எங்கே, அப்பா என்னைப் பாத்துக்கிட்டே குடி."

முழங்கால் அளவுத் தண்ணீரில் கொம்பையா அசையாமல் நின்றான்.

கரையிலிருந்து சாமியாரின் குரல் வந்தது.

"ஆள் தெரிஞ்சுதா?"