சந்தைக்குப் போன சிம்மாசனம்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ரோஷம் அதிகமாகவும் இருந்த நாளில், அனந்தபூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கம்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எனக்குக் கதை சொல்லத் தெரியும், ஓடத் தெரியாது.

அனந்தபூபதி ஒரு தடவை பக்கத்து நாட்டு ராஜா கனகசேனர் வீட்டு விருந்துக்குப் போனார். விருந்து பிரமாதம். எல்லாம் முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில்தான் வினை வந்தது. கனகசேனர் தம்முடைய சிம்மாசனத்தைக் காட்டினார். அதன் கைப்பிடியில் பச்சை வர்ணம் தேய்ந்து சிவப்பு தெரிந்தது. சிவப்பும் தேய்ந்து மரம் தெரிந்தது.

“என் முன்னோர்கள் கை வைத்துக் கை வைத்துத் தேய்ந்தது ஐயா இது” என்றார் கனகசேனர். “உங்கள் ஆசனத்தையும் போன தடவை பார்த்தேன். கண்ணைப் பறிக்கிறது! போன வாரம் செய்ததோ?”

அனந்தபூபதிக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மையில் அவருடைய ஆசனமும் அவர் தாத்தா காலத்துப் பலாமர ஆசனம்தான். ஆனால் அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஆசனத்துக்குப் புது வர்ணம் பூசிவிடுவார்கள். பொக்கிஷதார் சூலபாணி பக்கத்தில் நின்று பூசச் சொல்வார். அதனால் தாத்தாவின் ஆசனம் எப்போதும் நேற்றுப் பிறந்த பிள்ளை போலவே இருந்தது.

ஊர் திரும்பிய ராஜா மறுநாளே சபையைக் கூட்டினார்.

“வைகாசி விசாகத்தன்று கனகசேனர் இங்கே விருந்துக்கு வருகிறார். அதற்குள் நம் சிம்மாசனம் பல தலைமுறை உட்கார்ந்த ஆசனமாகத் தெரிய வேண்டும். யார் செய்வீர்கள்?”

சபையில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சூலபாணி மட்டும் மெல்ல எழுந்தார். இந்தச் சூலபாணிக்கு விகடகவி குற்றாலத்தைக் கண்டால் ஆகாது. ராஜா சிரிக்கும்போதெல்லாம் பக்கத்தில் குற்றாலம் இருப்பான், அதுதான் காரணம்.

“மகாராஜா, இத்தகைய அரிய காரியத்துக்குக் குற்றாலம் ஒருவரே தகுந்தவர். அவர் வாயால் செய்யாத வித்தையா? கையாலும் செய்து காட்டட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டு வெளியேறட்டும்.”

ராஜா இருந்த எரிச்சலில், “அப்படியே ஆகட்டும்!” என்று சொல்லிவிட்டார்.

குற்றாலம் வீட்டுக்கு வந்து மனைவி வடிவிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் கொல்லைப் பக்கம் கையை நீட்டினாள். அங்கே ஒரு பலா மரம். கல்யாணமான வருஷம் அவள் வைத்தது. இத்தனை காலம் மலடாக நின்றுவிட்டு, இந்தப் பங்குனியில்தான் முதல் பிஞ்சு விட்டிருந்தது.

“நாட்டை விட்டுப் போறதுன்னா நீங்க மட்டும் போங்க. குடம் குடமா ஊத்தி வளர்த்தவ நான். இது பழுக்கிற நேரத்துல அந்தச் சூலபாணி வந்து சுளை தின்னுட்டுப் போகவா?”

“அடி, நீயும் போக வேண்டாம், நானும் போகப் போறதில்ல” என்றான் குற்றாலம். “விசாகத்தன்னைக்கு இந்தப் பழத்தை அறுக்கிறோம். கத்தி என் கையில இருக்கும். இது சத்தியம்.”

சொல்லிவிட்டான். ஆனால் எப்படிச் செய்வது? முதலில் வீட்டில் கிடந்த ஒரு பழைய முக்காலிக்கு வர்ணம் பூசினான். காய்ந்ததும் செங்கல் பொடியை வைத்து மேலும் கீழும் தேய்த்தான். கை ஓயும்வரை தேய்த்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“இது பழசு மாதிரியா இருக்கு? சொறி பிடிச்ச நாய் மாதிரி இருக்கு. நம்ம வாசக்கதவைப் பாருங்க. எல்லா இடத்துலயுமா தேஞ்சிருக்கு? தாழ்ப்பாள்கிட்ட மட்டும்தானே?”

குற்றாலம் கதவைப் பார்த்தான். முக்காலியைப் பார்த்தான். தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டான். கை படுகிற இடம்தான் தேயும். அப்படியானால் சிம்மாசனத்தில் கை எங்கே படும், முதுகு எங்கே படும், குதிகால் எங்கே இடிக்கும்? அதை உட்காருகிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

மறுநாள் காலையில் சிம்மாசனம் மாட்டு வண்டியில் ஏறிச் சந்தைக்குப் போனது!

நடுச்சந்தையில் அதை இறக்கி, அடுப்புச் சாம்பலை நீரில் கரைத்து மெல்லிசாகப் பூசிக் காயவைத்தான் குற்றாலம். பிறகு கூவினான்: “வாங்க, வாங்க! ராஜா ஆசனத்துல ஆர் வேணும்னாலும் உட்காரலாம்!”

கூட்டம் பத்தடி பின்னால் போனது. “உட்கார்ந்தா தலை போயிரும் சாமி!” என்றார் ஒரு கிழவர்.

கருவாட்டுக்காரி இசக்கி கூடையை இறக்கி வைத்தாள். “காலையிலருந்து நின்னு நின்னு கால் கடுக்குது. தலை போனாப் போகுது, காலுக்காவது நிம்மதி!” என்று சொல்லித் தொப்பென்று உட்கார்ந்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டாள். அவள் எழுந்தபோது, பட்ட இடத்திலெல்லாம் சாம்பல் கலைந்திருந்தது.

அதன்பிறகு கேட்பானேன்! தாத்தா உட்கார்ந்தார், மகன் உட்கார்ந்தான், பேரன் உட்கார்ந்தான். சந்தையே வரிசை கட்டி நின்றது. செய்தி சூலபாணியின் காதுக்குப் போயிற்று. அவர் மேல்துண்டு நழுவுவதுகூடத் தெரியாமல் ராஜாவிடம் ஓடினார்.

“மகாராஜா! தங்கள் சிம்மாசனத்தில் கருவாட்டுக்காரி உட்கார்ந்திருக்கிறாள்!”

ராஜா பல்லக்கில் பறந்து வந்தார். அப்போது ஆசனத்தில் ஒரு கைக்குழந்தை படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. ராஜாவின் முகம் செக்கச் சிவந்தது.

“குற்றாலம்! இது என்ன அக்கிரமம்?”

குற்றாலம் கைகட்டி நின்றான். “மகாராஜா கேட்டது பல தலைமுறை உட்கார்ந்த ஆசனம். இதோ, பாட்டனார் உட்கார்ந்தார். அவர் மகன் உட்கார்ந்தார். பேரன் உட்கார்ந்தான். இது கொள்ளுப் பேத்தி. அடியேன் தங்கள் ஆணையை ஓர் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுகிறேன்.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜா சிரிக்கவில்லை.

“விசாகத்தன்று கனகசேனர் இந்த ஆசனத்தைப் பார்த்து ஒரு குறை சொல்லட்டும். பொழுது சாய்வதற்குள் நீ எல்லை தாண்டியிருக்க வேண்டும்.”

சூலபாணி சமயம் பார்த்து, “எதற்கும் அடியேனும் ஓர் ஆசனம் செய்து வைக்கிறேன், மகாராஜா” என்றார். ராஜா சம்மதித்தார்.

குற்றாலம் சிம்மாசனத்தை வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்தான். சாம்பல் கலைந்த இடங்களைக் கரிக்கோட்டால் குறித்துக்கொண்டான். தச்சர்கள் மரத்தை வழவழப்பாக்கத் தேய்ப்பார்களே, சொரசொரப்பான பராய் இலை, அதை ஒரு கூடை பறித்து வந்தான். இலையைத் தண்ணீரில் நனைத்துக் குறித்த இடத்தில் மட்டும் தேய்த்தான். சிவப்பு போய் நீலம் வந்தது. நீலம் போய் மஞ்சள் வந்தது. ஒவ்வோர் ஆயுத பூஜையும் ஒரு பூச்சு அல்லவா! வெங்காயம் உரிப்பதுபோல உரிந்துகொண்டே போனது. பலாப்பிஞ்சு காயாகிற வரையில் தேய்த்தான், காய் முற்றுகிற வரையில் தேய்த்தான்.

“விரல்ல தோலே இல்லையே, கொஞ்சம் விடுங்களேன்” என்றாள் வடிவு.

“தோல் திரும்ப வளரும். ஊர் திரும்ப வளருமா? இலையை எடு” என்றான் அவன்.

ஒரு நாள் வலது கைப்பிடியின் நுனியைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நின்றான். கடைசிப் பூச்சும் போன இடத்தில் அவன் கண்ட ஒன்றை அவன் எதிர்பார்க்கவே இல்லை. அந்த இடத்தை அதற்குமேல் தொடாமல், தேன்மெழுகை மட்டும் துணியால் ஒற்றி வைத்தான். வடிவிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

விசாகம் வந்தது. கனகசேனரும் வந்தார். சபையில் இரண்டு ஆசனங்களும் பட்டுத் துணி போர்த்தி நின்றன. சூலபாணி முந்திக்கொண்டு தம்முடைய ஆசனத்தின் துணியை விலக்கினார். ஆசனம் முழுக்கத் தேய்ந்திருந்தது. ஆங்காங்கே பூச்சி அரித்த துளைகள் வேறு.

கனகசேனர் அதைச் சுற்றி வந்தார். பின்புறம் குனிந்து பார்த்தார்.

“முதுகுப் பலகையின் பின்பக்கமும் தேய்ந்திருக்கிறதே. உங்கள் முன்னோர்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஆண்டார்களோ? பூச்சிகளும் நல்ல ஒழுக்கம். கோடு போட்டு வரிசையாக அரித்திருக்கின்றன!”

சபையில் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அனந்தபூபதிக்கு அவமானத்தில் காது எரிந்தது. அவர் குற்றாலத்தை ஒரு பார்வை பார்த்தார். குற்றாலம் துணியை விலக்கினான்.

கனகசேனர் கிட்டே வந்து குனிந்தார். கைப்பிடியைத் தடவினார். இருக்கையின் முன்விளிம்பைத் தடவினார். ஓரங்களில் நீலமும் மஞ்சளும் மெல்லிய கோடுகளாகத் தெரிந்தன. மூலை முடுக்குகளில் வர்ணம் அப்படியே இருந்தது. அவர் நிமிர்ந்து, “நீங்கள் உட்காருங்கள், பார்க்கலாம்” என்றார்.

அனந்தபூபதி உட்கார்ந்தார். அவருடைய வலது கை நுனிக்குப் போனது. கட்டைவிரல் ஒரு சிறு குழியில் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் திடுக்கிட்டார். விரலை எடுத்தார், மறுபடி வைத்துப் பார்த்தார்.

“தாத்தா வழக்குக் கேட்கும்போது கட்டைவிரலால் இந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். நான் அவர் மடியில் இருப்பேன்” என்றார் மெதுவாக. அவர் கண் கலங்கிவிட்டது. “குற்றாலம், இந்தக் குழியை நீயா செய்தாய்?”

“இல்லை, மகாராஜா. இது தங்கள் தாத்தாவின் விரல் செய்தது. வருஷா வருஷம் வர்ணம் பூசி நாம்தான் இதைத் தூர்த்துவிட்டோம். அடியேன் இந்த ஆசனத்தைப் பழசாக்கவில்லை. மேலே போட்ட புதுசை ஓர் இலையால் தேய்த்து எடுத்தேன், அவ்வளவுதான்.”

கனகசேனர் குற்றாலத்தைச் சைகை காட்டிப் பக்கத்தில் அழைத்தார். காதோடு காதாகக் கேட்டார்: “அது என்ன இலையப்பா? என் தச்சன் செங்கல் பொடி போட்டுத் தேய்த்தான். உட்கார்ந்தால் பட்டு வேட்டியெல்லாம் கிழிகிறது. நான் கேட்டதாக வாய் திறக்காதே!”

“சத்தியமாக வாய் திறக்க மாட்டேன்” என்றான் குற்றாலம், அதே மெல்லிய குரலில்.

வெளியே போனான். உதட்டை இறுக மூடிக்கொண்டு திரும்பி வந்தான். அவன் தலையில் ஒரு கூடை பராய் இலை. நேராகப் போய்க் கனகசேனரின் காலடியில் அதை இறக்கி வைத்து, கைகூப்பிக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை.

அனந்தபூபதி கூடையைப் பார்த்தார். கனகசேனரைப் பார்த்தார். கனகசேனர் உத்தரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், அனந்தபூபதிக்கு வந்த சிரிப்பில் கிரீடம் சரிந்து மடியில் விழுந்தது! கொஞ்ச நேரம் விறைத்துக்கொண்டிருந்த கனகசேனரும் கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டார். வேறென்ன செய்வார், பாவம்!

அனந்தபூபதி தம் முத்துமாலையைக் கழற்றிக் குற்றாலத்தின் கழுத்தில் போட்டார். “இனி இந்த ஆசனத்துக்கு ஆயுத பூஜையன்று வர்ணம் கிடையாது. அன்று அது சந்தைக்குப் போகும். யார் வேண்டுமானாலும் உட்காரலாம். உட்காருகிறவர்களுக்குச் சூலபாணி குடை பிடிப்பார்.”

சூலபாணியின் முகம் போன போக்கை நான் சொல்ல வேண்டுமா?

அன்று மாலை, சொன்ன சொல் தவறாமல் குற்றாலம் முதல் பலாப்பழத்தை அறுத்தான். முதல் சுளையை வடிவுக்குக் கொடுத்தான். பாதிப் பழத்தை அவளே அரண்மனைக்குக் கொண்டுபோனாள். ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்தே, தேன் ஒழுக ஒழுக, சுளை சுளையாகத் தின்றார். பிசுக்குக் கையைக் கைப்பிடியில் வைத்துவிட்டார். கறை பட்டுவிட்டது.

சூலபாணி பழக்கதோஷத்தில் வர்ணக் கிண்ணமும் தூரிகையுமாக ஓடிவந்தார்.

“எடுத்துக்கொண்டு போம் ஐயா அதை!” என்றார் ராஜா, இன்னொரு சுளையைப் பிய்த்துக்கொண்டே. “நாளைக்கு என் பேரன் பார்க்க ஏதாவது இருக்க வேண்டாமா?”