மட்டி வாய் திறந்த கதை

அந்தக் காலத்தில் மட்டிச் சிப்பிக்குப் பேச்சு உண்டு. கழிமுகத்துச் சேற்றில் புதைந்து கிடந்தபடியே, போகிற வருகிற மீனையெல்லாம் கூப்பிட்டு வம்பளக்கும். அதன் சதையில் அப்படியொரு தித்திப்பு. அதுவே அதற்கு வினையாகப் போயிற்று. கடல் நத்தை ஓட்டைத் துளைத்துத் தின்றது. நட்சத்திர மீன் இழுத்துப் பிளந்து தின்றது. மனிதர்கள் கல்லில் உடைத்துப் பச்சையாகவே தின்றார்கள். மட்டியை அடுப்பில் ஏற்றுவது பல் போனவர்கள் செய்கிற வேலை என்று அந்தக் கரையில் ஒரு கேலி இருந்தது.

பொறுக்க முடியாமல் மட்டிகள் கடலிடம் முறையிட்டன.

"உங்க சதைக்குள்ள விஷம் வைக்கிறேன்" என்றது கடல். "முடிச்சுப் போட்டுத்தான் வைப்பேன். முடிச்சு இருக்கிற வரைக்கும் அது விஷம். அவிழ்ந்துட்டா வெறும் சதை."

அந்த முடிச்சு எதனால் அவிழும் என்று ஒரு மட்டியும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் அதெல்லாம் யாருக்குத் தோன்றும்?

நத்தை துளைத்தது, சுருண்டது. நட்சத்திர மீன் தொட்டது, விலகி ஓடியது. மட்டியை நம்பியே வயிறு வளர்த்த சிப்பிபிடிப்பான் பறவை நாக்கு மரத்துப் போய், பட்டினியில் மெலிந்தது. அப்போது அதன் நீண்ட அலகு கறுப்பு.

ஐப்பசிக் காற்று வந்தது. படகுகள் கரையேறின. சடைச்சி என்பவளின் மகள் பூவாயி, பசி தாங்காமல் ஒரு மட்டியை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். உதடு மரத்தது. நாக்குத் தடித்தது. பேச்சு நின்று பாயில் சாய்ந்துவிட்டாள்.

ஊர் கூடிவிட்டது. அடுத்த முறை தண்ணீர் வற்றியதும் மட்டி மொத்தத்தையும் வாரி, வெயிலில் கொட்டிச் சாகடிப்பது என்று முடிவாயிற்று. காற்றுக் காலத்தில் இருக்கிற ஒரே சாப்பாடும் அதோடு போய்விடும். ஆனால் பிள்ளை விழுந்து கிடக்கும்போது அதை யார் எடுத்துச் சொல்வது?

சடைச்சி அதுவரை காத்திருக்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, இருப்பதிலேயே பெரிய மட்டியைத் தோண்டி எடுத்தாள்.

"பாவி மட்டி! என் பிள்ளை உனக்கு என்ன பண்ணுச்சு?"

"தாயி, நத்தைக்குப் பயந்து வாங்கி வெச்ச விஷம். உன் பிள்ளைக்குன்னு வாங்கல."

"அப்போ அதை எடு."

"எடுக்கத் தெரியலையே. கடல் போட்ட முடிச்சு."

இதைக் கேட்டுச் சிப்பிபிடிப்பான் பறந்து வந்து இறங்கியது. "அக்கா, அவிழ்த்துப் பார்ப்போம். நான் நாக்கு வெச்சுச் சொல்றேன். எனக்கும் பசி."

மூவரும் கரையில் உட்கார்ந்தார்கள். பெரிய மட்டி தன் சதையிலிருந்தே துளித்துளியாகக் கிள்ளக் கொடுத்தது. சடைச்சி ஒன்றை நல்ல தண்ணீரில் ஊறவைத்தாள். ஒன்றில் உப்பைத் தேய்த்தாள். இன்னொன்றை வெயிலில் காயவைத்தாள். ஒவ்வொன்றையும் பறவை நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியது. "மரத்துப் போகுதக்கா."

தண்ணீர் வற்றத் தொடங்கியது. ஊர்க்காரர்கள் கூடைகளோடு வருகிற சத்தம் கேட்டது. சடைச்சிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின.

"உன்னை அடுப்புல வைக்க!" என்று திட்டினாள்.

 "வை தாயி" என்றது மட்டி.

"என்ன?"

"அதை மட்டும்தான் நாம செஞ்சு பார்க்கல. என் கூட்டமே வெயில்ல சாகறதுக்குப் பதிலா நான் ஒருத்தன் வெந்து போறேன். முடிச்சு அவிழ்ந்தா வாயைத் திறந்து காட்டுறேன். திறக்கலைன்னா என்னைத் தூக்கி எறிஞ்சிடு. அவிழ்ந்துட்டா, என் குஞ்சுகளை மட்டும் சேத்துலயே விட்டுடு."

"விட்டுடறேன்" என்றாள் சடைச்சி. அவள் குரல் இறங்கிப் போயிருந்தது.

பானை கொதித்தது. மட்டி உள்ளே போனது. கூடையோடு வந்தவர்கள் சுற்றி நின்று, "சடைச்சிக்குப் பல் போயிடுச்சா?" என்று சிரித்தார்கள். அவள் பானையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெகு நேரம் ஓடு இறுக மூடியே கிடந்தது. திடீரென்று 'டப்'பென்று ஒரு சத்தம். மட்டி வாயை அகலத் திறந்தது.

சிப்பிபிடிப்பானுக்குப் பொறுமை ஏது? கொதிக்கிற பானைக்குள் அலகை விட்டுச் சதையைக் கொதிநீரோடு கொத்தி விழுங்கியது. அலகு வெந்து சிவந்துவிட்டது. ஆனாலும் துள்ளிக் குதித்தது. "மரத்துப் போகலக்கா! அவிழ்ந்துடுச்சு!"

சிரித்தவர்கள் கூடையைக் கீழே வைத்தார்கள். அவரவர் வீட்டிலிருந்து பானை வந்தது. மரப்பு மெல்ல இறங்க, குடிசைக்குள் பாயில் கிடந்த பூவாயி வாசனைக்குக் கண் திறந்தாள். உதட்டை மெல்ல அசைத்துப் பார்த்தாள்.

"அம்மா... எனக்கு?"

சடைச்சி அழுதுகொண்டே ஊட்டினாள். பிறகு சேற்றில் இறங்கி, யார் கூடையில் குஞ்சு மட்டி இருந்தாலும் பிடுங்கித் திரும்பப் புதைத்தாள்.

முடிச்சு இன்னும் மட்டிக்குள்தான் இருக்கிறது. நத்தைக்கு அடுப்பு மூட்டத் தெரியாது. அந்தக் கொதிநீரை விழுங்கிய சிப்பிபிடிப்பானின் வயிற்றுக்குள் மட்டும் அது தானாக அவிழ்ந்துவிடுகிறது.

அன்று முதல்தான் சிப்பிபிடிப்பானுக்குச் சிவந்த அலகு. அன்று முதல்தான், பேச்சை மறந்துவிட்ட மட்டி, வெந்ததும் வாயைத் திறந்து சடைச்சிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறது. வாய் திறக்காததைக் கழிமுகத்துப் பெண்கள் தட்டில் வைப்பதில்லை.