முடிச்சில்லாத மூட்டை

அவசரப்படாமல் கேளுங்கள். கதை முடியும் இடத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான்.

அம்பாசமுத்திரத்தில் ஆவுடையம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். கணவன் கோமதிநாயகம் அரிசி ஆலையில் லாரி ஓட்டினான். மகள் உலகம்மாளுக்குச் சின்னதாகிப்போன உடுப்புகளையெல்லாம் ஆவுடை ஒரு டிரங்குப் பெட்டியில் சேர்த்துவைத்தாள், அடுத்து வரப்போகும் தம்பிக்கோ தங்கைக்கோ என்று. அவள் வயதைப் பார்த்துப் பிரிக்கவில்லை. கைப்பிள்ளையாகக் கிடந்தபோது போட்டவை, குப்புற விழுந்தபோது போட்டவை, தவழ்ந்தபோது, நடந்தபோது என்று நான்கு மூட்டைகள். முதல் மூட்டையின் நாடாவில் ஒரு முடிச்சு, இரண்டாவதில் இரண்டு, இப்படியே நான்கு வரை. நடுநடுவே காய்ந்த வேப்பிலையும் வசம்பும் போட்டிருந்தாள்.

தம்பியும் பிறந்தான். அவனுக்கென்று கோமதிநாயகத்தின் தங்கை சங்கரவடிவு மெல்லிய வாயில் துணியில் நெய்த தன் பழைய சேலையைக் கிழித்து ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். வடிவு இடதுகைக்காரி. அவள் போடும் ஓரத்தையல் மற்றவர்கள் தையலுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். "தையலும் உன்னை மாதிரியே ஏறுக்கு மாறால்லா இருக்கு" என்று ஆவுடை கேலி செய்வாள்.

இருபத்து மூன்று நாள்தான் அந்தப் பிள்ளை இருந்தான்.

அவன் துணிகளை ஆற்றில் விட்டுவிடச் சொன்னான் கோமதிநாயகம். மறுநாள் "விட்டாச்சா?" என்று கேட்டான். "ஆச்சு" என்றாள். ஆனால் அவை ஒரு மஞ்சள் பைக்குள், பெட்டியின் அடியில் கிடந்தன. அந்தப் பையின் வாயில் அவள் முடிச்சு எதுவும் போடவில்லை. அதன்பின் அவளுக்குக் குழந்தை இல்லை.

ஆறு வருடம் கழித்து, கல்யாணமாகி ஒன்பதாம் வருடத்தில், வடிவு உண்டானாள். தாய் தகப்பன் இல்லாததால் பேறுகாலத்துக்கு அண்ணன் வீட்டுக்கே வந்தாள். பிள்ளை பிறக்குமுன் புதுத்துணி வாங்குவதில்லை அவர்கள். நன்றாக வளர்ந்த ஒரு பிள்ளை உடுத்திய பழைய சட்டையைத்தான் முதலில் போடுவார்கள்.

"உலகு போட்டதத்தான் மொதல்ல போடணும் மைனி. அவள மாதிரி கெட்டியா வளரட்டும்" என்றாள் வடிவு.

"இந்தப் பெட்டியே உனக்குத்தாம்ட்டி" என்றாள் ஆவுடை.

ஒருநாள் துணிகளை வெயிலில் காயப்போட்டு மறுபடி அடுக்கும்போது மஞ்சள் பை கைக்கு வந்தது. அதை மடியில் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும், அடியில் செருக நேரமில்லாமல் மேலாக வைத்து மூடிவிட்டாள்.

பேறுகாலத்துக்கு டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆவுடை மகளோடு தென்காசிக்கு ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்த அன்று காலையிலேயே வடிவுக்கு வலி கண்டது. கோமதிநாயகம் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். "பிள்ளைக்குத் துணி எங்க?" என்று நர்சம்மா கேட்க, வீட்டுக்கு ஓடினான். முடிச்சு விவரமெல்லாம் அவனுக்குத் தெரியாது. பெட்டியில் மேலாக ஒரு பை. அதற்குள், இருப்பதிலேயே சின்னச் சட்டைகள். எடுத்துக்கொண்டு ஓடினான்.

மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கிய ஆவுடை விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்குள் போனாள். பெட்டி திறந்து கிடந்தது. மஞ்சள் பையைக் காணவில்லை. உலகுவைப் பக்கத்து வீட்டில் விட்டாள். ஒற்றை முடிச்சு மூட்டையை இடுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"பொம்பளப் பிள்ள!" என்று வராந்தாவில் சிரித்தபடி எதிரே வந்தான் கோமதிநாயகம்.

"எந்தத் துணியக் குடுத்தீங்க?"

"மேல இருந்ததத்தான்."

"அது உலகுக்குள்ளது இல்ல. தம்பிக்குள்ளது."

அவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "ஆத்துல விட்டாச்சுன்னியே?"

"விட முடியலங்க."

வடிவு படுத்திருந்த அறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அவகிட்ட சொல்லிராத. பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட இதையே நெனச்சுச் சாவா. சத்தமில்லாம மாத்திரு."

"சொல்லாம மாத்துனா அதுவும் ஒரு பொய்தான? நான் சொல்லித்தான் மாத்துவேன்."

உள்ளே போனாள்.

"வாங்க மைனி! சடங்குச் சாப்பாட்ட ஒரு கை பாத்துட்டு மெதுவா வாறீங்களோ?" என்றாள் வடிவு. பக்கத்தில் அந்த வாயில் துணிச் சட்டையை உடுத்தியபடி பிள்ளை தூங்கியது.

ஆவுடை குனிந்து பிள்ளையைப் பார்த்தாள். மூட்டையை அவிழ்த்தாள். "வடிவு, அவசரத்துல துணி மாறிட்டு. உலகு சட்டை கொண்டாந்திருக்கேன். இத மாத்திருவோம்."

வடிவின் இடது கை பிள்ளைமேல் கிடந்தது. கட்டைவிரல் சட்டையின் ஓரத்தை ஒருமுறை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, மெதுவாகத் தடவிப்போய் நின்றது.

"கழட்டாண்டாம்" என்றாள்.

"இல்லட்டி, இது வந்து..."

"பழகுன துணி மைனி. பிள்ள சுகமாத் தூங்குது. அந்த மூட்டையத் தலைமாட்டுல வைங்க, அதையும் பொறகு போடுவோம்."

ஆவுடை மூட்டையைத் தலைமாட்டில் வைத்தாள். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. சட்டையையும் கழற்றவில்லை.

தங்கை மனம் நோகக்கூடாதென்று மறைக்கச் சொன்னான் கோமதிநாயகம். உண்மையைச் சொல்லவென்று போய்ச் சொல்லாமல் நின்றாள் ஆவுடையம்மாள். கழற்ற வேண்டாம் என்று தடுத்தாள் சங்கரவடிவு. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: வடிவு செய்ததுதான் சரி. எதிர்ப்பக்கம் சாயும் அந்தத் தையல் அவள் கை போட்டது. விரல் பட்டதுமே யாருக்குத் தைத்த சட்டை என்று தெரிந்துவிட்டது. அண்ணன் எந்தப் பயம் அவளுக்கு வரக்கூடாது என்று நினைத்தானோ, அதை அவள் ஒரு விரல் தூரத்துக்குள் கடந்துவிட்டாள். மைனி ஆறு வருடமாக ஒளித்துவைத்ததை எல்லோரும் பார்க்கத் தன் பிள்ளைக்கு உடுத்திக்கொண்டாள். அந்த விரல் போய் நின்ற இடத்தைப் பார்த்தபிறகு ஆவுடைக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அதனால் அவள் மௌனத்திலும் பொய் இல்லை. பிள்ளை நடந்து ஓடத் தொடங்கியபின் பெட்டி திரும்பி வந்தது. மஞ்சள் பை அதில் இல்லை. ஒற்றை முடிச்சு மூட்டைக்குள், உலகுவின் சட்டைகளோடு சட்டையாக, அந்த வாயில் சட்டையும் துவைத்து மடித்து வைத்திருந்தது.