புள்ளி இல்லாத பெயர்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்து மூன்று. இதில் சிரிக்க என்ன இருக்கிறதோ, பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவே சிரித்தது.

சீடர் சபாபதி அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர். குரு மெஹருன்னிசா கணினி மையத்தில் புரோகிராமர். மதியச் சாப்பாட்டைப் பத்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு மெஹரிடம் பாடம் கேட்கப் போவார் சபாபதி. ஆறு மாதம் கழித்துத் தன் முதல் புரோகிராமைத் தானே எழுதினார்.

அது மாணவர் பட்டியலைப் படிக்கும். ஒவ்வொரு பெயரிலும், இனிஷியலை அடுத்து வரும் புள்ளி எங்கே என்று தேடும். புள்ளிக்கு முன்னால் இருப்பது இனிஷியல், பின்னால் இருப்பது பெயர். இரண்டையும் அதனதன் கட்டத்தில் போட்டு ஹால் டிக்கெட் அச்சடிக்கும்.

மூவாயிரத்து நானூறு ஹால் டிக்கெட் மழையாகக் கொட்டியது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

தேர்வன்று காலை எட்டே முக்காலுக்கு ஒரு பெண் வந்து நின்றாள்.

“சார், எனக்கு ஹால் டிக்கெட் வரலை.”

“பேரு?”

“பவளக்கொடி.”

“இனிஷியல்?”

“கிடையாது.”

சபாபதி தேடினார். ‘பிழைகள்’ என்று அவரே பெயர் வைத்திருந்த கோப்பில் அவள் இருந்தாள். அவளோடு இன்னும் பதினாறு பேர்.

“அதானே பார்த்தேன். புள்ளி இல்லாத பேரை இது ஏத்துக்காதும்மா. அப்பா பேரு என்ன?”

“எங்கம்மா எழுதலை. நானும் எழுதப் போறதில்லை.”

“பத்து மணிக்குப் பரீட்சை. இப்பப் போய் வழக்காடிக்கிட்டு! சும்மா ஒரு எழுத்து சொல்லு, போட்டுடறேன்.”

“யாரோட எழுத்து சார்? எங்க வீட்ல இல்லாத ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து என் பேருக்கு முன்னாடி நிறுத்துவீங்களா? உங்க கம்ப்யூட்டருக்காக?”

“பரீட்சை எழுதாமப் போனா ஒரு வருஷம் வீணாப் போயிடும்.”

“போகட்டும்” என்றாள். கால் நகரவில்லை.

சபாபதி போன் செய்தார். மெஹர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். சபாபதி எழுந்து நாற்காலியைக் காட்ட, மெஹர் தலையசைத்து மறுத்தார்.

“நீங்களே உட்காருங்க சார். கம்ப்யூட்டர்கிட்ட என்ன கேட்டீங்க?”

“புள்ளி எங்கேன்னு கேட்டேன் டீச்சர்.”

“என்ன சொல்லுச்சு?”

“மைனஸ் ஒண்ணு.”

“அப்படின்னா?”

“இல்லைன்னு அர்த்தம். நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?”

“எது இல்லை?”

“புள்ளி.”

“நீங்க எதை இல்லைன்னு வெச்சீங்க?”

சபாபதி பவளக்கொடியைப் பார்த்தார். சட்டென்று கண்ணைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மெஹர் சொன்னார்: “எங்கேன்னு கேக்காதீங்க. புள்ளி இருக்கிற இடத்துல பிரிச்சுக் கொடுன்னு கேட்டுப் பாருங்க.”

சபாபதி முதலில் ‘கே. தணிகாசலம்’ என்று அடித்தார். இரண்டு துண்டு வந்தது. ‘எஸ். வி. அரங்கநாதன்’ என்று அடித்தார். மூன்று துண்டு.

“இப்ப இவங்க பேரு. எத்தனை துண்டு வரும்?”

“வெட்டறதுக்கு இடமே இல்லையே டீச்சர். சைபர்தான்.”

“அடிங்க.”

அடித்தார்.

ஒன்று என்றது திரை. அதன் கீழே, ஓர் எழுத்துகூடக் குறையாமல், பவளக்கொடி.

சபாபதி மறுபடி அடித்தார். மறுபடியும் முழுசாக வந்தது. கத்தியைக் கையில் கொடுத்து வெட்டச் சொன்னவர் அவர். வாங்கிக்கொண்ட கணினி, எதையும் கேட்காமல், எதையும் சேர்க்காமல், அந்தப் பெயரை அப்படியே ஏந்திவந்து அவர் முன்னால் வைத்திருந்தது. அவருக்கு முழங்கை வரை மயிர்க்கூச்செறிந்தது. முப்பது வருடமாகப் பெயர்களைப் பதிவு செய்கிறவர். ஒரு பெயரை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

“முதல் ரெண்டுலயும் பேரு எந்தத் துண்டு சார்?”

“கடைசித் துண்டு.”

“இவங்களுக்கு?”

“இவங்களுக்கும்... கடைசித் துண்டுதான் டீச்சர்.”

‘புள்ளி இல்லையென்றால் பிழை’ என்ற நான்கு வரிகளை அவரே அழித்தார். அந்த இடத்தில் ‘கடைசித் துண்டே பெயர்’ என்று ஒரே ஒரு வரி எழுதினார். ‘பிழைகள்’ கோப்பில் இருந்தவர்களை மறுபடி உள்ளே விட்டார். ஒருவர்பின் ஒருவராகப் பட்டியலுக்குப் போனார்கள். பிரிண்டர் உறுமியது.

பவளக்கொடியின் ஹால் டிக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். இனிஷியல் கட்டம் வெறுமையாக இருந்தது. அது குறையாகத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

“சார், பத்து மணிக்குப் பரீட்சை. இப்பப் போய் யோசிச்சுக்கிட்டு!” என்றாள் பவளக்கொடி.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு படிகளில் தடதடவென்று ஓடினாள். மெஹரும் கிளம்பினார்.

“டீச்சர், ஒரு நிமிஷம். அந்தப் பதினேழு பேரையும் தனியாக் குறிச்சு வெச்சுக்கட்டுமா? அடுத்த பரீட்சைக்குக் கவனமா இருக்கலாம்.”

மெஹர் கதவருகே திரும்பினார்.

“எந்தப் பதினேழு பேர் சார்?”

காட்டுவதற்காகச் சபாபதி ‘பிழைகள்’ கோப்பைத் திறந்தார். அதில் ஒன்றும் இல்லை. மூடத் தோன்றாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.