கடைசி வாத்தின் பெயர்

ஞானசிகாமணி மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தாறு. அவருடைய ஆசிரியை மெஹருன்னிசாவுக்கு முப்பத்தொன்பது.

ஒரு பழைய கல்லூரியின் அருங்காட்சியகத்தை ஞானசிகாமணி இருபத்தாறு வருடமாகப் பராமரித்து வந்தார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்த வாத்து ஒன்று நின்றது. இளஞ்சிவப்புத் தலை வாத்து என்று சீட்டு சொன்னது. ஒரு காலத்தில் வடக்கே சதுப்புகளில் நீந்தி, பிறகு யார் கண்ணிலும் படாமல் போய்விட்ட பறவை. பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்க்கத்தான் வருவார்கள்.

புதிதாக வந்த முதல்வருக்கு அருங்காட்சியகத்தின் மூன்று அறைகளும் தேவைப்பட்டன.

"அந்த வாத்து நிஜம்தான்னு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. அறையைத் தொடமாட்டேன்" என்றார்.

பழைய தோலையும் எலும்பையும் கொடுத்தால், மரபணுவைப் படித்து அது எந்த உயிர் என்று சொல்வது மெஹருன்னிசாவின் வேலை. ஞானசிகாமணி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறி அவரிடம் வந்தார்.

"எப்ப மேடம் சொல்லுவீங்க?"

"நான் சொல்லப்போறதில்லை சார். நீங்கதான் சொல்லப்போறீங்க. ரெண்டு மாசம் இருந்து கத்துக்குங்க."

"இந்த வயசுலயா?"

"உங்க வாத்துதானே?"

அவர் தங்கிவிட்டார்.

கையுறை போடக் கற்றார். மூச்சு படாமல் வேலை செய்யக் கற்றார். வாத்தின் பாதத்தில், அடித்தோலிலிருந்து நொய்யளவு அறுத்தெடுத்தார். கரைத்தார், வடித்தார், இயந்திரத்தில் ஏற்றினார். நான்காவது வாரம் முடிவு வந்தது.

"மேடம், மனுஷன்னு வருது."

"எந்த மனுஷன்?"

அவருக்குப் புரியவில்லை. மெஹருன்னிசா ஒரு பஞ்சுக் குச்சியை நீட்டினார். அவர் அதைத் தன் கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்துக் கொடுத்தார். இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"வாத்தை எப்படித் துடைப்பீங்க?"

"கையாலதான். துணி பட்டா இறகு உதிரும்."

"தினமுமா?"

"தினமும்."

"அதான். உங்களை முதல்ல கழுவுங்க சார். அப்புறம் வாத்து தெரியும்."

அவர் கழுவினார். அடித்தோலின் மேற்பரப்பைச் சுரண்டி எறிந்துவிட்டு, உள்ளிருந்து எடுத்தார். இந்தத் தடவை முடிவு தெளிவாக இருந்தது. சிவப்புக் கொண்டை வாத்து, பெட்டை. இன்றும் ஒவ்வொரு குளிர்காலமும் நம் ஏரிகளுக்குக் கூட்டமாக வந்துபோகிற பறவை.

அன்று அவர் சாப்பிடவில்லை.

"இன்னொரு தடவை பார்க்கட்டுமா, மேடம்?"

"பாருங்க."

மறுநாள் மத்தியானம் எல்லோரும் உணவுக்குப் போனார்கள். குளிர்பெட்டியில் உண்மையான இளஞ்சிவப்புத் தலை வாத்தின் மரபணுச் சாறு ஒரு சிறு குப்பியில் இருந்தது. வெளியூர் அருங்காட்சியகம் ஒன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்தது. ஞானசிகாமணி அதிலிருந்து ஒரு துளி எடுத்து, காலி செய்த தன் குப்பியில் விட்டார். கை நடுங்கவில்லை. அதுதான் அவருக்குப் பிறகு வெட்கமாக இருந்தது.

முடிவு வந்தபோது மெஹருன்னிசா திரையை வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் பறவையை எனக்குத் தெரியும் சார்."

ஞானசிகாமணி கையுறையைக் கழற்றினார்.

"ஒரே இனமா இருந்தாலும் ரெண்டு பறவைக்கு மரபணுவில எல்லா எழுத்தும் ஒண்ணா இருக்காது. இது நான் போன வருஷம் படிச்ச, குளிர்பெட்டியில இருக்கிற பறவை. ஒரு எழுத்துகூட மாறலை."

"மூணு அறையையும் எடுத்துக்குவாங்க மேடம். மானோட எலும்பு, ஆமை ஓடு, எல்லாத்தையும் குப்பையில போடுவாங்க. திட்டுங்க. ஆனா என் நிலைமையில நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க?"

மெஹருன்னிசா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சான்றிதழ்த் தாளை எடுத்தார். அடியில் கையெழுத்துப் போட்டார். முத்திரை வைத்தார். பறவையின் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினார்.

"பேரை நீங்க எழுதுங்க."

"எந்தப் பேரை?"

"நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போனார்.

திரும்பி வந்தபோது தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மெஹருன்னிசா பிரித்துப் பார்க்கவில்லை. அப்படியே உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்.

ஞானசிகாமணி எழுதியிருந்தது: சிவப்புக் கொண்டை வாத்து, பெட்டை.

ஒரு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். மடியில் அதே பெட்டி. இளைத்திருந்தார்.

"அறை போயிடுச்சு மேடம். மாடிப்படி பக்கத்துல ஒரே ஒரு அலமாரி குடுத்திருக்காங்க. மானையும் ஆமையையும் அதுல வெச்சிட்டேன். இதுக்கு இடமில்லை. நீங்க வெச்சுக்குங்க."

"ஏன் இடமில்லை?"

"பொய்யை எப்படி மேடம் பிள்ளைங்களுக்குக் காட்டுறது? இத்தனை வருஷம் காட்டினது போதும்."

மெஹருன்னிசா பெட்டியைத் திறந்தார். பஞ்சில் சிறிது ஸ்பிரிட்டைத் தொட்டு, வாத்தின் பிடரியில், இறகுக்கு அடியில், மெல்ல ஒற்றினார். பஞ்சு இளஞ்சிவப்பானது.

ஞானசிகாமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடம் அவர் கை அந்தத் தலைமேல் போய் வந்திருந்தது.

"சாயம்" என்றார். "எந்தப் பாவி மேடம் இதைச் செஞ்சது?"

"காலில கட்டின சீட்டுல என்ன வருஷம் போட்டிருக்கு?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துமூணு."

மெஹருன்னிசா பஞ்சை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி, வாத்தின் பக்கத்தில் வைத்தார்.

"அசல் வாத்தைத் தேடிப் போனவன்தான் செஞ்சிருப்பான்."

"தேடிப் போனவன் எதுக்கு மேடம் சாயம் பூசணும்?"

"அப்பவே அசல் ஒண்ணுகூடக் கிடைக்கலை, சார்."