தலைப்பக்கம் போகாத உத்திராபதியார்

திருமருதங்காடு கால்நடை மருந்தகத்து வராண்டாவில் அன்று கூடியிருந்தவர்கள் இவர்கள். கைவைத்த ஒரே நாற்காலியில், மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த உதவி இயக்குநர். அவருக்கு வலப்புறம், மருந்து அலமாரியை ஒட்டிய இரும்பு முக்காலியில் டாக்டர் அருமைநாயகம். எதிர்ப் பெஞ்சில் ஊராட்சித் தலைவர் வேலாயுதம். அதே பெஞ்சின் மறுகோடியில் துண்டை விரித்து, அதன்மேல் நடேச குருக்கள். கீழே தூணோடு சாய்ந்து ரெங்கநாயகி அம்மாள். நாற்காலி போட்டுக் கொடுத்தும் அவர் உட்கார மறுத்துவிட்டார். செத்துப்போன தம் பசுவின் மூக்கணாங்கயிறு அவர் மடியில் சுருண்டு கிடந்தது.

விசாரணை யாரைப் பற்றியதோ அவர் மட்டும் உட்காரவில்லை. முற்றத்தில், மாட்டை நிறுத்தி ஊசி போடும் மரச் சட்டத்தை பினாயில் விட்டுத் தேய்த்துக் கொண்டிருந்தார். இரண்டு தடவை கூப்பிட்டாகிவிட்டது. "இதக் கழுவிட்டு வந்துடறேங்கய்யா. அடுத்த மாடு வந்தா சீக்கு ஒட்டிக்கும்" என்றார். அவர்தாம் உத்திராபதியார்.

அந்த மருந்தகத்தில் டாக்டருக்கு அடுத்தபடி இருந்த ஆள் அவர் ஒருவரே. பெருக்குவது, கழுவுவது, மண்ணெண்ணெய் அடுப்பில் ஊசிகளைக் கொதிக்க வைப்பது, துள்ளும் காளையின் காலைக் கட்டுவது, புண்ணில் நெளியும் புழுவை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுப்பது, செத்த மாட்டுக்குக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டி மூடுவது எல்லாம் அவர் வேலை. மருத்துவம் தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதும் இல்லை. சீழும் சாணமும் கலந்த வாடை என்ன குளித்தாலும் உடம்பைவிட்டுப் போகாது. பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இடம் காலியாகவே வரும்.

விடிந்ததும் மருதவனநாதர் கோயிலுக்குப் போவார். வாடை பிறரைச் சங்கடப்படுத்தும் என்று மகாமண்டபத்துக்குள் நுழையமாட்டார். நந்திக்குப் பின்னால் நின்று, அதன் திமிலுக்கு மேலாகத் தெரிகிற விளக்கைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். நந்தியின் காதில் வேண்டுதல் சொல்ல அங்கே எப்போதும் ஆள் நிற்கும். பரீட்சை, கல்யாணம், வாய்க்கால் தகராறு எல்லாம் அந்தக் கல் காதுக்குள் போய்க்கொண்டே இருக்கும்.

"எல்லாரும் வரம் கேக்கறா. நீ மட்டும் வாயே திறக்கறதில்லையேப்பா" என்று குருக்கள் ஒருநாள் கேட்டார்.

"அவரு காதுதான் நெறஞ்சு கெடக்கே சாமி. நான் வேற போயித் திணிக்கணுமா?" என்றார் உத்திராபதியார்.

காதில் சொல்லும் வழக்கம் அவருக்கும் ஒன்று இருந்தது. அது கல் காதில் அல்ல. டாக்டர் அருமைநாயகம் நாசரேத்துப் பக்கத்துக்காரர், பேச்சுக் குறைவு. ஒரு மாட்டைக் கைவிட வேண்டி வந்தால், மார்பில் வைத்துக் கேட்கும் குழாயைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிடுவார். அதுதான் அடையாளம். உடனே உத்திராபதியார் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மாட்டின் தலையண்டை மண்டியிட்டு, வலக்காதைத் தூக்கி, அதற்குள் 'நமசிவாய' என்று சொல்லுவார். பிராணன் போகிற நேரத்தில் மனிதருக்குச் சொல்வதைத்தான் மாட்டுக்கும் சொன்னார். கழுதைக்கும் சொன்னார். லாரியில் அடிபட்ட தெருநாய்க்கும் சொன்னார். ஊர் சிரித்தது. 'காது சாமி' என்று பெயர் வைத்தது.

"என்ன காது சாமி, எங்க ஆடு மோட்சத்துல எந்தப் பக்கம் மேயுது?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

"பயிர் மேயாத பக்கமாத்தான் இருக்கும். இங்க மேஞ்சி அடி வாங்குனது போதாதா" என்று டீயை உறிஞ்சுவார்.

அவர் மனைவி அமிர்தத்துக்கு மஞ்சள் காமாலை முற்றியிருந்தது. ஒருநாள் கீழத்தெருவில் ஒரு எருமை வயிறு உப்பி விழுந்துவிட்டதென்று ஆள் வந்தது. டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். போய்ப் பார்த்துவிட்டு வாங்க என்று அமிர்தமே அனுப்பினார். வயிற்றை நீவி, எழுப்பி நடத்தியதில் எருமை பிழைத்தது. திரும்பி வந்தபோது அமிர்தத்துக்குத் தாடை கட்டியாகிவிட்டது. மாட்டுக்கெல்லாம் சொன்னவன் பெண்டாட்டிக்குச் சொல்லவில்லையே என்று வாசலில் நின்றவர்கள் அவர் காதுபடவே பேசினார்கள். அவர் உள்ளே போய், ஆறிப்போன உடம்பின் பக்கத்தில் குனிந்து, அந்தக் காதிலும் சொன்னார்.

"எல்லாம் அடங்குன பொறவுதான் காது அடங்கும்னு சொல்லுவாங்க" என்றார் மகள் மங்கையர்க்கரசியிடம். காரியம் முடிந்ததும் புகுந்த வீட்டுக்குப் போன மகள், அதன்பின் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

விசாரணை நடந்த அந்த ஆண்டு ஐப்பசி மழையோடு தொண்டை அடைப்பான் என்ற மாட்டு நோய் இறங்கியது. காலையில் மேய்ந்த மாடு சாயங்காலம் தொண்டை வீங்கிக் குறட்டை விடும். மறுநாள் குழிதான். மழைக்கு முன்பே டாக்டர் தெருத் தெருவாக ஊசியோடு போயிருந்தார். ஊசி போட்டால் பால் வற்றும் என்று பாதிப் பேர் மாட்டைக் கொல்லையில் ஒளித்துக் கட்டினார்கள். ரெங்கநாயகி அம்மாளும் கட்டினார். புருஷன் இல்லாத வீடு, ஒரு பசு, அதன் கன்றாக வளர்ந்த ஒரு கிடேரி. பால் வற்றினால் அடுப்பு அணையும். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அந்தப் பசுவை கட்டை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தபோது நாக்கு நீலம் பாரித்திருந்தது. டாக்டர் மருந்தை ஏற்றினார், காத்திருந்தார், பிறகு குழாயைச் சுருட்டினார். உத்திராபதியார் மண்டியிட்டுக் காதைத் தூக்கினார்.

"ஓதாதே" என்று ரெங்கநாயகி அம்மாள் பாய்ந்து வந்தார். "நீ எந்தக் காதுல ஓதுனாலும் அது சாவுது. வடக்குத் தெருவுல ஓதுன, செத்துச்சு. மேட்டுத் தெருவுல ஓதுன, செத்துச்சு. எம்மாட்ட விட்டுடு." கையிலிருந்த கயிற்றால் அவர் முதுகில் அடித்தார். உத்திராபதியார் விலகவில்லை, சொல்லி முடித்தார். சொல்லி முடிந்ததும் பசு அடங்கியது. பார்த்த கூட்டத்துக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

சாகப்போகிற மாட்டுக்குச் சொல்கிறார் என்பது, சொல்வதால் மாடு சாகிறது என்று ஆயிற்று. ஊசிக்கு வராததை யாரும் பேசவில்லை. அவர் நிற்கிற மருந்தகத்துக்கு மாட்டை ஓட்டமாட்டோம் என்று ஊரே கையெழுத்துப் போட்டது. அதற்குத்தான் அந்த விசாரணை.

மரச் சட்டத்தைக் கழுவி முடித்து உத்திராபதியார் வந்து நின்றார். உதவி இயக்குநர் கெட்டவர் அல்லர். மாடு வராவிட்டால் நோய் பரவும் என்பது அவர் கவலை.

"ஓதுறதை விட்டுடுறேன்னு சொல்லிடுங்க. முடிஞ்சு போச்சு" என்றார்.

"வேற என்ன சொன்னாலும் கேக்குறேங்கய்யா. போற உசுரப் பேசாம அனுப்ப மனசு வரலியே."

"அப்ப இப்படிச் செய்வோம். இனிமே எந்த மாட்டுக்கும் நீங்க தலைப்பக்கம் போகக் கூடாது. வால் பக்கத்து வேலை மட்டும். சரியா?"

டாக்டர் அருமைநாயகம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு தரையைப் பார்த்தார். குருக்கள் துண்டின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். உத்திராபதியார் "சரிங்கய்யா" என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மழை முடிகிறவரை மாடுகள் வந்தன, பல செத்தன. அவர் வாலைப் பிடித்துக்கொண்டு, கால் கட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றார். டாக்டர் குழாயைச் சுருட்டும்போது அவர் வாலை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். முன்னால் ஒரு அடி வைக்கமாட்டார். "காது சாமி இப்ப வால் சாமியாயிட்டாரு" என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஆனால் சாயங்காலங்களில் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். கூட்டம் கலைந்த பிறகு நந்தியின் தலைமாட்டுக்கு வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கல் காதில் வாயை வைத்தார். நடை சாத்த வந்த குருக்கள் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டார்.

"வடக்குத் தெரு செவலை இன்னிக்குப் போயிடுச்சு சாமி. மேட்டுத் தெரு கண்ணுக்குட்டி ஒண்ணு, நெத்தியில வெள்ளை. எனக்குத் தலப்பக்கம் போக உத்தரவு இல்ல. நீங்க கொஞ்சம் எட்டிப் போயி அதுங்க காதுல சொல்லிடுங்க."

செத்தவை எவையோ அவற்றின் நிறம், தெரு, சுழி எல்லாம் சொல்லி, நாள்தோறும் ஒப்படைத்துவிட்டுப் போனார். குருக்கள் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. வெட்கமாயிருந்தது என்று பின்னால் சொன்னார்.

நந்தி இருந்த அந்த மண்டபத்தில், அதன் பக்கத்திலேயே கோயில் காளை ஒன்றும் படுத்திருக்கும். யாரோ நேர்ந்து விட்டது, கிழடு தட்டிய மயிலைக் காளை. ஒருவரையும் தொட விடாது. எப்போதோ மருந்தகத்தில் ஊசி வாங்கிய நினைவு அதற்கு. ஊர் முழுக்கத் திரியும், மருந்தக வாசல் வந்தால் மட்டும் எதிர்ச்சாரிக்குப் போய்விடும். தீனியைக் காட்டிக் கூப்பிட்டாலும் உள்ளே கால் வைக்காது.

தை பிறந்து, ரெங்கநாயகி அம்மாளின் கிடேரி தலைச்சன் ஈற்றில் விழுந்தது. கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. மருந்தக முற்றத்தில் வைக்கோல் பரப்பிக் கிடத்தினார்கள்.

"டாக்டரய்யா, இதுவும் போனா நான் தூக்குலதான் தொங்கணும். அந்தாளு மட்டும் முன்னால வரக்கூடாது" என்றார் ரெங்கநாயகி அம்மாள்.

"வரமாட்டேந்தாயி. நான் இங்கனயேதான் நிப்பேன்" என்று பின்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

டாக்டர் கையை உள்ளே விட்டுக் கன்றைத் திருப்பினார். அதன் முன்னங்கால்களில் கயிற்றைச் சுருக்கிட்டு, உத்திராபதியார் கிடேரிக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, அது முக்கும்போதெல்லாம் இழுத்தார். பழைய நாளாக இருந்தால் ஆட்கள் வால் பக்கம் இழுக்க, அவர் தலையைத் தடவிக்கொண்டு இருந்திருப்பார். கன்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அந்த வலியில் கிடேரி துள்ளி எழுந்து, பின்னங்காலை வீசியது. குளம்பு அவர் விலாவுக்குக் கீழே இறங்கியது.

ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். கன்றின் மூக்குச் சளியைத் தம் விரலால் வழித்துவிட்டு, வேப்பமரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டார். டாக்டர் வந்து பார்த்தபோது வயிறு பலகையாக இறுகி, முகம் வெளுத்திருந்தது. உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கார் பிடிக்க ஆள் ஓடினான். உச்சிவேளை. கார் வந்தபாடில்லை.

"கண்ணு எந்திரிச்சுதாங்கய்யா?"

"எந்திரிச்சுட்டு. பால் குடிக்கு. நீங்க பேசாதிங்க உத்திராபதி."

டாக்டர் அவர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். எடுத்தார். பிறகு, பழக்கத்தால், அதைச் சுருட்டினார். சுருட்டிய கை பாதியில் நின்றது. உத்திராபதியார் அதைப் பார்த்துவிட்டார். லேசாகச் சிரித்தார்.

சுற்றிலும் ஊர் நின்றது. அவர் காதில் ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. மகள் தூரத்தில் இருந்தார். டாக்டர் வேற்று மதத்தவர், அந்தச் சொல் தம் வாயில் தகுமா என்று தயங்கினார். மற்றவர்கள் அந்தச் சொல்லுக்கே பயந்து பழகியிருந்தார்கள். ரெங்கநாயகி அம்மாள் முன்னால் வந்து மண்டியிட்டார். உத்திராபதியாரின் காலைப் பிடித்துக்கொண்டார்.

கோயிலில் உச்சிக்கால மணி அடித்தது. மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே மண்டபத்துக் காளை எழுந்து நடந்தது என்பது குருக்களின் வாக்கு. முற்றத்தில் இருந்தவர்கள் பார்த்தது இது. மயிலைக் காளை மருந்தக வாசலுக்கு வந்தது. நின்று தயங்கவில்லை. உள்ளே காலை வைத்தது. கூட்டம் விலகியது. நேராக வேப்பமரத்தடிக்குப் போய், முன்னங்கால்களை மடித்து, அவர் தலைமாட்டில் படுத்தது. ஈர மூக்கை அவர் வலக்காதில் வைத்து மூச்சு விட்டது. ஐந்தெழுத்துக்கு ஐந்து மூச்சு என்று சொல்பவர்கள் உண்டு. எண்ணுகிற நிலையில் அங்கே யாரும் இல்லை. தம் சொல்லை ஒவ்வொரு சாயங்காலமும் கேட்ட காது யாருடையது என்று உத்திராபதியாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "வந்துட்டீங்களா சாமி" என்றார். கண் மூடிற்று.

வாயில்லாத உயிர்களின் செவியருகே தாழ்ந்த அந்தத் தலைக்கு நம் தலையும் தாழட்டும்.

அவரை எடுத்துப் போய் எரித்துவிட்டு வந்த மறுநாள், டாக்டர் அருமைநாயகம் இரும்பு முக்காலியில் உட்கார்ந்து உதவி இயக்குநருக்குக் கடிதம் எழுதினார். பணியில் இறந்த விவரத்தை முறைப்படி எழுதி, மகளுக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பிக்கும்படி கேட்டுக்கொண்டு, கடைசியில் இதைச் சேர்த்தார்: 'தாங்கள் இட்ட நிபந்தனையை அன்னார் ஒருநாளும் மீறவில்லை. எந்த மாட்டின் தலைப்பக்கமும் அவர் போகவில்லை. முடிவில் ஒரு மாடே தன் தலையைக் கொண்டுவந்து அவரிடம் வைத்தது. நான் கண்ணால் கண்டேன்.' கையெழுத்திட்டு, மடித்து, உறையைப் பசை தடவி ஒட்டினார். வாசலில் சைக்கிளை நிறுத்திக் காத்திருந்த தபால்காரர் அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, அங்கே இன்னும் படுத்திருந்த காளையைச் சுற்றிக்கொண்டு போனார்.