ஆயரின் கடைவாய்ப் பல்

கிறிஸ்தவ ஆயர் எலியாப்பை மந்திரி தீமோன் கடைசியாக உயிரோடு பார்த்தது கோட்டை வாசலில். கிழவர் கழுதைமேல் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கக் கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. தாடையைச் சுற்றி ஒரு துணி, உச்சந்தலையில் முடிச்சு. பேச முடியவில்லை, ஆனால் கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன. பின்னால் கல் சுமந்த கைதிகள் விலங்கில்லாமல் கூட்டமாக நடந்தார்கள்.

அந்தத் துணியின் கதைதான் இது.

ரொம்பக் காலத்துக்கு முன்னால், மேற்குச் சீமைகளில் கிறிஸ்தவம் அப்போதுதான் வேர் பிடித்துக்கொண்டிருந்த நாளில், மல்கியோன் என்றொரு ராஜா ஒரு பாறை நாட்டை ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு ஆசை வரும், மாலையில் ஒரு பயம் வரும். புனிதர் ஒருவரின் எலும்பு எந்த ஊர் மண்ணில் இருக்கிறதோ அந்த ஊருக்குக் கொள்ளைநோய் வராது, பகைவன் படையும் வராது என்று அந்த நாளில் ஒரு நம்பிக்கை. பக்கத்து நாட்டில் ஒரு புனிதரின் முழங்கை எலும்பு இருந்தது. மல்கியோனிடம் ஒரு நகத்துண்டுகூட இல்லை. அவனுக்குத் தூக்கம் போயிற்று.

எல்லையோர ஊரில் வாழும்போதே புனிதர் என்று பெயரெடுத்திருந்தார் ஆயர் எலியாப். பொக்கிஷக்காரன் நிக்கானோருக்கு அவரைக் கண்டால் ஆகாது. ஜனங்கள் அவர் காலில் விழுவார்கள்; இவனுக்கு வழி விடுவதோடு சரி.

"முழங்கை எதற்கு மகாராஜா? முழு ஆளே நம் எல்லையில் வெங்காயமும் ரொட்டியும் தின்றுகொண்டு இருக்கிறார். அங்கே செத்தால் பக்கத்து நாட்டுக்காரன் தூக்கிப் போய்விடுவான். இப்போதே கொண்டுவந்து பூட்டி வைத்துக்கொள்வோம்."

"உயிரோடு இருக்கிறாரே!" என்றான் ராஜா.

"அதனாலென்ன? காத்திருப்போம்."

அப்படியே ஆயரைப் பல்லக்கில் கொண்டுவந்து மாடியறையில் வைத்துப் பூட்டினார்கள். கீழே முற்றத்தில் அவருக்குப் பளிங்குக் கல்லறை எழும்பியது. கைதிகள் கல் சுமந்தார்கள். எப்போதோ ராஜாவுக்கு வந்த ஒரு மாலைப் பயத்தில் பிடிபட்டவர்கள் அவர்கள். என்ன குற்றம் என்பது அவனுக்கே மறந்துபோயிருந்தது.

தினமும் ஆயரைப் பார்த்துவிட்டு வரும் வேலை தீமோனுக்கு.

"எப்படி இருக்கிறார்?" என்று ராஜா ஆவலாய்க் கேட்பான்.

"சுகமாக இருக்கிறார், பிரபு."

"ஓகோ." ராஜாவின் முகம் தொங்கிப்போகும்.

ஒருநாள் கல் சரிந்து ஒரு கைதி செத்தான். ஆயர் ஜன்னலைவிட்டு நகரவில்லை. "எனக்குக் கட்டுகிற வீட்டில் அவன் எனக்கு முன்னால் குடிபோய்விட்டான், தீமோன். இது முடிவதற்குள் இன்னும் எத்தனை பேரோ," என்றார்.

மறுநாள் ஆயரின் குரல் சமையற்கட்டு வரைக்கும் கேட்டது.

"வாத்து வறுவல் எங்கேயடா? இதென்ன குழம்பா, கழுதைக்குக் காட்டின தண்ணீரா?"

வாத்து போயிற்று, ஆட்டுத்தொடை போயிற்று, கூடை கூடையாய் ரொட்டி போயிற்று. போதவில்லை என்று கத்தினார். காவலாளிகளோடு தாயம் ஆடி அழுகுணி ஆட்டம் வேறு. தீமோன் மனமொடிந்து போய் ராஜாவிடம் சொன்னான்.

"ஐயோ! திறந்துவைத்த பால் மாதிரி கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறாரா?" என்று அலறினான் ராஜா. "தின்னிக்காரன் எலும்பு கொள்ளைநோயைத் தடுக்குமா?"

"தடுக்கும் என்று கேள்விப்பட்டதில்லை, பிரபு."

அப்போது நிக்கானோர் ஓடிவந்தான். "நாடகம், மகாராஜா! ஒரு வாய்கூடத் தின்னவில்லை. எல்லாவற்றையும் கூடையில் கட்டி ஜன்னல் வழியாகக் கைதிகளுக்கு இறக்குகிறார். என் கண்ணால் பார்த்தேன்!"

தீமோனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ராஜா துள்ளிக் குதித்தான். "அப்படியானால் கெடவில்லை! பூட்டு அப்படியே இருக்கட்டும்!" என்று சொல்லிக்கொண்டே மாடிக்கு ஓடினான். மற்ற இருவரும் பின்னால் ஓடினார்கள்.

ராஜா விஷயத்தைக் கேட்டதும் ஆயர் நிதானமாக எழுந்து நின்றார்.

"உண்மைதான், ராஜா. நான் தின்னவில்லை. தின்றதாக உன்னை ஏமாற்றினேன். அப்படியென்றால் நான் யார்?"

"புனிதர்!"

"பொய்யன். என் ஊரில் இத்தனை வருஷம் ஒரு பொய் சொன்னதில்லை. உன் மாளிகைக்கு வந்தேன், பொய் சொன்னேன், தாயத்தில் ஏமாற்றினேன், சமையற்காரனைத் திட்டினேன். இன்னும் ஒரு வருஷம் இருந்தால் என்ன ஆவேனோ! பொய்யன் எலும்பு போதுமென்றால் இப்படியே பூட்டி வை. என்னைவிடப் பெரிய பொய்யன் எலும்பு உன் பக்கத்திலேயே நிற்கிறதே."

நிக்கானோர் சட்டென்று ராஜாவைவிட்டுத் தள்ளி நின்றான்.

"ஊருக்குப் போனால் பழையபடி ஆகிவிடுவீர்களா, ஆண்டகையே?" ராஜா கெஞ்சினான்.

"கீழே இருக்கிறவர்களையும் என்னோடு அனுப்பு. அந்த சந்தோஷத்தில் ஆனாலும் ஆவேன்."

"போய்விட்டால் எலும்பு?" என்று முனகினான் நிக்கானோர்.

ஆயர் வாய்க்குள் விரலை விட்டு ஆட்டிக் காட்டினார். "கடைவாய்ப் பல். பொய் சொல்வதற்கு முன்பே முளைத்தது. இதை முன்கூட்டியே தருகிறேன். ஒரு பல்லுக்குப் பளிங்கு மாளிகை எதற்கு? சுண்ணாம்புச் சிமிழ் போதும். கல் சுமக்க ஆளே வேண்டாம்."

ராஜா சிரித்த சிரிப்பில் ஜன்னல் புறா பறந்தது. "ஆகட்டும்! நிக்கானோர், முழு ஆளும் வேண்டுமென்றாயே, ஒரு பல்லை நீயே பிடுங்கு!"

பிடுங்கினான். வலி தாங்காமல் ஆயர் அவன் விரலைக் கடித்தார். அது வேண்டுமென்று கடித்ததா என்று தீமோன் கேட்கவில்லை. அன்றே நிக்கானோர் ராஜாவின் கட்டளைப்படி பொக்கிஷக்காரன் வேலையை இழந்து, பாதி எழும்பிய கல்லறையில் பல்லுக்குக் காவல்காரன் ஆனான். வருகிறவர்களுக்கெல்லாம் அது கிடைத்த கதையை அவன்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் குளிர்காலத்திலேயே ஆயர் தம் ஊரில் கண்மூடினார். அவர் கேட்டுக்கொண்டபடி அந்தக் கைதிகளே, ஊரார் தங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்த வயலில், அடையாளமே வைக்காமல் அவரைப் புதைத்து மேலே வெங்காயம் நட்டார்கள். பக்கத்து நாட்டுக்காரர்கள் மண்வெட்டியோடு வந்து, தேடிவிட்டு, வெறுங்கையோடு திரும்பினார்கள். தீமோனும் ஒருமுறை போய் எல்லா வரப்பிலும் நின்று பார்த்தான். யாரும் காட்டவில்லை, அவனும் வற்புறுத்தவில்லை.

பல் மட்டும் சிமிழில் இருக்கிறது. அது சொத்தைப் பல்.